ஜீப் தரையைத் தின்ற உப்பு

டொரான்டோவில் இருக்கும் அக்கா மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தான். அங்கே அவனுக்கு இது முதல் குளிர்காலம். பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறான். “மாமா, இங்க காருக்கு அடியில எண்ணெய் அடிச்சுக்கச் சொல்றாங்க. வருஷா வருஷம் அடிக்கணுமாம். ரோட்டுல உப்பு கொட்டுவாங்க, அடிக்கலன்னா துரு தின்னுடும்ங்கறாங்க. நிஜமா, இல்ல காசு பிடுங்கற வேலையா?”

நான் மெக்கானிக் இல்லை. வீடு சேலத்தில், கோரிமேட்டில். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் குடும்பத்துக்குக் கொஞ்சம் காபித் தோட்டம் உண்டு. இருபது கொண்டை ஊசி வளைவுகளை ஏறி இறங்கியே காலம் போகிறது. ஆனால் துருவைப் பற்றிப் பேச எனக்கு ஒரு தகுதி இருக்கிறது: ஒரு ஜீப்பை முழுசாகத் துருவுக்குக் கொடுத்தவன் நான். ஒரு நாள் மழையில் ஒண்டிக்கடையைத் தாண்டும்போது, பின்சீட்டில் இருந்த தோட்டத்து ஆள், “அண்ணா, கால் நனையுதுங்க” என்றார். நிறுத்திவிட்டுத் தரைவிரிப்பைத் தூக்கினேன். கீழே ரோடு தெரிந்தது.

அப்போது எனக்குப் பெரிய புதிர் அதுதான். சேலத்திலிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடல் 150 கிலோமீட்டருக்கு அப்பால். ஏற்காட்டில் மார்கழிக் குளிர் நடுக்கும், ஆனால் ரோட்டில் பனிக்கட்டி உறையாது, யாரும் உப்பு கொட்டுவதும் இல்லை. அப்புறம் எங்கிருந்து வந்தது இந்தத் துரு? பதில் ஜீப்புக்குள்ளேயே மூட்டையில் இருந்தது. அதற்கு முன்னால், உப்பு இரும்பை என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

குல்ஃபி விற்பவர் ஐஸ் கட்டிகளோடு கல் உப்பை அள்ளிப் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். உப்பு கலந்த தண்ணீர் பூஜ்யம் டிகிரியில் உறையாது. கரைசலில் நூற்றுக்கு 23 பங்கு உப்பு இருந்தால் மைனஸ் 21 டிகிரி வரை அது தண்ணீராகவே இருக்கும். கனடாவில் ரோட்டில் உப்பைக் கொட்டுவதற்குக் காரணமும் இதுதான். பனி உறைந்து கண்ணாடி மாதிரி ஆகிவிட்டால் டயருக்குப் பிடிப்பே இருக்காது. உப்பைப் போட்டால் பனி இளகிக் கூழாகிவிடும், வண்டி ஓடும். நமக்கு உப்பு என்றால் தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்கள்தான் நினைவுக்கு வரும். அவர்களுக்கு அது பூமிக்கு அடியில் கிடைக்கிறது. டொரான்டோ இருக்கும் அதே ஒன்டாரியோ மாகாணத்தில், கோடரிச் என்ற ஊரில், ஹ்யூரான் ஏரிக்கு அடியில், உலகின் மிகப் பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் இருக்கிறது. குளிர் ரொம்பக் கடுமையாகும்போது சாதாரண உப்பு மெதுவாகத்தான் வேலை செய்யும். அதனால் கால்சியம் குளோரைடு, மெக்னீசியம் குளோரைடு போன்ற உப்புகளையும் சேர்க்கிறார்கள். மனிதனுக்கு நல்லது. ஆனால் அந்த உப்புக்கூழ் முழுக்க டயரில் ஏறி, காரின் அடிவயிற்றில் போய் அப்பிக்கொள்கிறது.

அங்கே என்ன நடக்கிறது?

சேலத்துக்காரனுக்குத் துருவைப் புரிந்துகொள்ளக் கஞ்சமலை போதும். அந்த மலையில் இருப்பது மேக்னடைட் என்ற இரும்புத் தாது, அதாவது இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்த கல். சேர்வராயன் மலையில் மண் சிவந்து கிடப்பதற்கும் இரும்பு ஆக்சைடுதான் காரணம். இயற்கையில் இரும்பு தனியாகக் கிடைப்பது அபூர்வம், எப்போதும் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டேதான் இருக்கும். உலையில் போட்டு எரித்து, அந்த ஆக்சிஜனை வலுக்கட்டாயமாகப் பிரித்துத்தான் இரும்பு எடுக்கிறோம். காரின் தகடு அப்படிப் பிரித்து வந்த சரக்கு. வாய்ப்புக் கிடைத்தால் மறுபடி ஆக்சிஜனோடு சேர்ந்து செம்மண்ணாகிவிடும். அந்தச் செம்மண்தான் துரு.

சேர்வதற்குத் தண்ணீர் வேண்டும். இங்கேதான் பலரும் தவறாக நினைக்கிறார்கள், நானும் நினைத்தேன். தண்ணீர் பட்ட இடம் அப்படியே கரைகிறது என்று. உண்மையில் அங்கே நடப்பது ஒரு சின்ன பேட்டரியின் வேலை. தகட்டின் ஓரிடத்தில் இரும்பு அணு தன் எலக்ட்ரான்களை விட்டுவிட்டுத் தண்ணீருக்குள் இறங்குகிறது. அந்த எலக்ட்ரான்கள் தகடு வழியாகவே ஓடி, இன்னோர் இடத்தில், தண்ணீரும் காற்றின் ஆக்சிஜனும் சந்திக்கும் இடத்தில் செலவாகின்றன. இரண்டு பக்கமும் உண்டானவை நடுவில் சந்தித்துத் துருவாகின்றன. தகடு ஒரு கம்பி, தண்ணீர் இன்னொரு கம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்க்யூட் முழுமையானால்தான் வேலை நடக்கும். சுத்தமான தண்ணீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. உப்புத் தண்ணீர் தாராளமாகக் கடத்தும்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னல் திண்டில் நான் செய்து பார்த்தது. பூச்சில்லாத இரும்புத் தகட்டுத் துண்டு ஒன்றை உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்துக்கொள்ளுங்கள். (துருவை எடுக்கும் காகிதத்துக்கு உப்புத்தாள் என்று பெயர் வைத்தவர் குசும்புக்காரர்தான்.) கெட்டியான உப்புத் தண்ணீரில் ஒரு பெரிய சொட்டு எடுத்து அதன்மேல் விட்டு, காய்ந்துபோகாமல் இருக்க ஒரு டம்ளரைக் கவிழ்த்து வையுங்கள். சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் சொட்டின் ஓரம் பளிச்சென்று இருக்கும். அதற்கு உள்ளே காவி நிறத்தில் ஒரு வளையம். நடுவில் தகடு மங்கிப் போயிருக்கும். துரு வளையத்தில் தெரிகிறது, ஆனால் இரும்பு போனது நடுவிலிருந்து! சொட்டின் ஓரத்தில் தண்ணீர் மெலிசு, காற்று சுலபமாக உள்ளே வரும். நடுவில் ஆழம், காற்று குறைவு. காற்று குறைந்த இடம்தான் தன் இரும்பைக் கொடுக்கிறது. கேம்பிரிட்ஜில் இருந்த யு. ஆர். எவன்ஸ் என்ற வேதியியலாளர் இந்தச் சொட்டை வைத்துத்தான் விளக்கினார், அதனால் எவன்ஸ் சொட்டு என்றே இதற்குப் பெயர்.

இந்தச் சொட்டு புரிந்தால் காரில் துரு ஏறும் இடங்கள் பூராவும் புரிந்துவிடும். பானெட்டும் மேல்கூரையும் மழையில் நனையும், வெயிலில் காயும். அங்கே துரு குறைவு. மட்கார்டுக்குள் ஒட்டிய சேற்றுக்கு அடியில், இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று மடிந்த விளிம்பில், ரப்பர் பீடிங்குக்குக் கீழே, கதவின் அடிப்பாகத்தில், தரைவிரிப்புக்கு அடியில் காற்று குறைவு, ஈரம் அதிகம். சொட்டின் நடுப்பகுதி மாதிரிதான் இந்த இடங்களெல்லாம்.

சரி, உப்பு மின்சாரத்தைக் கடத்துகிறது. அதோடு விட்டால் பரவாயில்லை. காற்றிலிருக்கும் ஈரத்தையும் அது இழுக்கிறது. மழைக்காலத்தில் ஜாடியில் இருக்கும் கல் உப்பு தானாகவே கசிந்து ஈரமாவதைப் பார்க்கிறோம். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு அந்த ஈரத்திலேயே கரைய ஆரம்பித்துவிடும். ரோட்டில் போடும் கால்சியம் குளோரைடும் மெக்னீசியம் குளோரைடும் இன்னும் மோசம், 30 சதவீதத்தை ஒட்டிய ஈரப்பதமே அவற்றுக்குப் போதும். அதாவது மழை நின்று, பனி நின்று, வண்டி கண்ணுக்குக் காய்ந்த மாதிரி இருந்தாலும் உப்பு ஒட்டிய இடம் காய்வதே இல்லை.

மூன்றாவது குணத்தை நம் பாட்டிமார்கள் எந்த வேதியியலும் படிக்காமல் கண்டுபிடித்தார்கள். உப்பை எவர்சில்வர் டப்பாவில் வைக்க விடமாட்டார்கள், பீங்கான் ஜாடிதான். எவர்சில்வரில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கும். அது மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு ஆக்சைடு தோலைப் போர்த்திக் காப்பாற்றுகிறது. நம் சேலம் இரும்பாலை 1981 முதல் செய்துவருவது இந்தச் சரக்கைத்தான். ஆனால் உப்பிலிருக்கும் குளோரைடு அந்தத் தோலையே அங்கங்கே பொத்தலாக்கும். உப்பு ஈரத்தோடு பல நாள் கிடந்த எவர்சில்வர் பாத்திரத்தின் அடியில் ஊசி குத்தின மாதிரி கறுப்புப் புள்ளிகள் வருவது அதனால்தான். எவர்சில்வருக்கே இந்தக் கதி என்றால் சாதாரண கார் தகடு எம்மாத்திரம்?

இப்போது என் ஜீப்புக்கு வருகிறேன். காபிச் செடிக்குப் பொட்டாஷ் போடுவோம். கடையிலிருந்து மூட்டையைப் பின்பக்கம் ஏற்றிக்கொண்டு மலை ஏறுவேன். வளைவுக்கு வளைவு மூட்டை உருளும், தையல் விரியும், கொஞ்சம் கொட்டும். இளஞ்சிவப்புக் குருணையாகத் தரையின் மடிப்புகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். துடைப்பத்தால் ஒரு தள்ளு தள்ளிவிட்டு, தரைவிரிப்பை மேலே போட்டுவிடுவேன். பொட்டாஷின் முழுப் பெயர் மியூரியேட் ஆஃப் பொட்டாஷ். வேதியியல் பெயர் பொட்டாசியம் குளோரைடு. சாப்பாட்டு உப்பின் ஒன்றுவிட்ட தம்பி! ஆவணியில் ஆரம்பித்து ஐப்பசி வரை ஏற்காட்டின் மழையும் மூடுபனியும் சேர்ந்துகொண்டால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். கனடாக்காரன் பனிக்குக் கொட்டுகிற வேலையை நான் காபிக்குக் கொட்டிச் செய்திருக்கிறேன். அவனுக்கு உப்பு வண்டிக்கு வெளியே, எனக்கு உள்ளே, அவ்வளவுதான் வித்தியாசம். இன்னொன்று, அந்தக் குருணையின் சிவப்பு நிறத்துக்குக் காரணமும் அதில் கலந்திருக்கும் இரும்பு ஆக்சைடுதான். துரு நிறத்தில் இருந்ததால் துருவைப் பல மாதம் நான் பொட்டாஷ் தூள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த தவறும் என்னுடையதுதான். ஓட்டை விழுவதற்கு இரண்டு வருஷம் முன்பே, கதவுக்குக் கீழே பெயின்ட் கொப்புளம் கட்டியிருந்தது. துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடத்தை அடைக்கும், அதனால்தான் உள்ளிருந்து பெயின்ட்டைத் தள்ளிக் கொப்புளமாக்குகிறது. டிங்கரிங் கடை ஒன்றில் விட்டேன். தேய்த்த மாதிரி தேய்த்து, பட்டி பார்த்து, மேலே பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள். கண்ணாடி மாதிரி இருந்தது. அடுத்த மழைக்காலம் முடியும்போது பட்டி முழுசாகப் பெயர்ந்து கையோடு வந்தது. துருவுக்குள் சிக்கிய குளோரைடு, மேலே என்ன பூசினாலும் உள்ளே வேலையைத் தொடரும். நல்ல தண்ணீரில் பலமுறை கழுவி, பளபளக்கும் இரும்பு தெரியும்வரை துருவை எடுத்து, நன்றாகக் காய்ந்த பிறகு பிரைமர் அடித்தால்தான் பெயின்ட் நிற்கும். தகடு மெலிந்துபோயிருந்தால் வெட்டி எடுத்துப் புதுத் துண்டு வெல்டிங் வைக்க வேண்டும். பட்டி என்பது மேடு பள்ளத்தைச் சமன்செய்யத்தான், ஓட்டையை அடைக்க இல்லை.

கம்பெனிக்காரர்கள் சும்மா விட்டுவிடுவதில்லை. இன்றைய கார்களில் பெரும்பாலான தகடுகளுக்குத் துத்தநாகப் பூச்சு உண்டு. அதற்கு மேல் பாஸ்பேட் பூச்சு. பிறகு உடம்பை அப்படியே தொட்டிக்குள் முக்கி, மின்சாரம் செலுத்தி ஒட்டவைக்கும் பிரைமர். அப்புறம்தான் நிறம், அதற்கு மேல் பளபளப்பு. இதில் துத்தநாகத்தின் குணம் விசேஷமானது. கீறல் விழுந்து இரும்பு வெளியே தெரிந்தாலும் பக்கத்திலிருக்கும் துத்தநாகம் முந்திக்கொண்டு தன்னைக் கொடுக்கும். ஜி.ஐ. வாளியில் கீறல் விழுந்தாலும் உடனே துருப்பிடிக்காமல் இருப்பது இதனால்தான். வெள்ளீயம் பூசிய தகர டப்பாவில் இது நேர் எதிர். கீறல் விழுந்தால் இரும்பு முந்திக்கொண்டு போகும். ஆனால் துத்தநாகத்துக்கும் ஓர் அளவு உண்டு. உப்பு அதை வேகமாகத் தின்றுவிடும், தீர்ந்த அன்றைக்கு இரும்பின் முறை.

டொரான்டோ காருக்கு நான் சொன்னது

எண்ணெய் அடிப்பது ஏமாற்று இல்லை. இரும்புக்கும் உப்புத் தண்ணீருக்கும் நடுவில் ஒரு படலம் வைக்கிறார்கள். இந்த வகை எண்ணெய் மெல்ல ஊர்ந்து தகடு மடிப்புகளுக்குள் போகும், அங்கேதான் அது தேவையும்கூட. ஓடும்போது தண்ணீர் அடித்து அடித்து அது கழுவிக்கொண்டு போய்விடும் என்பதால்தான் வருஷா வருஷம். குளிர்காலம் தொடங்கும் முன், அடிப்பக்கம் கழுவிக் காய்ந்த நிலையில் அடிக்க வேண்டும். கறுப்பாகத் தார் மாதிரி பூசுகிற ரப்பர் கோட்டிங்கைப் பழைய காருக்கு வேண்டாம் என்றேன். புதுத் தகட்டின்மேல் அது நல்ல வேலை செய்யும், கல்லடியையும் தாங்கும். ஏற்கெனவே துரு இருக்கும் தகட்டில் பூசினால் ஈரத்தை உள்ளே வைத்துத் தைத்த மாதிரி. எங்காவது ஒரு விரிசல் விழுந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே போகும், வெளியே வராது. மேலே கறுப்பாக அழகாகவும் இருக்கும், உள்ளே நடப்பது தெரியாது.

இதைவிட முக்கியம் கழுவுவது. வெப்பநிலை பூஜ்யத்துக்கு மேல் ஏறும் நாளாகப் பார்த்து அடிப்பக்கத்தைத் தண்ணீர் அடித்துக் கழுவச் சொன்னேன். குளிர்காலம் முடிந்ததும் கட்டாயம் ஒருமுறை நிதானமாகக் கழுவ வேண்டும். கடுங்குளிரில் எல்லாம் உறைந்து கிடக்கும்போது துரு மெதுவாகத்தான் ஏறும். பனி உருகி, வெயில் லேசாக ஏறும் மாதங்களில்தான் ஒட்டிக்கிடக்கும் உப்பு முழு வேகத்தில் வேலையைக் காட்டும்.

சேலத்து வண்டிக்கு

நமக்கு இவ்வளவு தேவையில்லை. ஆனால் நம்மிடமும் சில்லறையாக உப்பு உண்டு. ஒன்று போர் தண்ணீர். கழுவிவிட்டு வெயிலில் நிறுத்தினால் கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழுகிறதே, அதே கசடு அடியிலும் மடிப்பிலும் படிகிறது. நான் போர் தண்ணீரில் கழுவிவிட்டு, கடைசியில் குழாயில் வரும் மேட்டூர் ஆற்றுத் தண்ணீரை இரண்டு வாளி ஊற்றித் துடைத்துவிடுகிறேன். மழைநீர் பிடித்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. மலையிலிருந்து சேற்றோடு இறங்கினால் மேல் உடம்பைக்கூட விட்டுவிடுங்கள், நான்கு மட்கார்டுக்குள்ளும் குழாயைக் காட்டிச் சேற்றை இறக்கிவிடுங்கள். எவன்ஸ் சொட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

கதவின் அடி விளிம்பில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும் மழைத்தண்ணீர் வெளியேறத்தான் அவை. மண் அடைத்துவிட்டால் கதவே தொட்டியாகிவிடும். ஒரு ஈர்க்குச்சி போதும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை குத்திவிட்டால் சரி. ஏற்காட்டில் சில்வர் ஓக் மரத்தடியில் நிறுத்துகிறவர்கள் வைப்பருக்குக் கீழே உள்ள பள்ளத்தையும் பாருங்கள். அந்த இலைகள் அங்கே தேங்கி, மட்கி, தண்ணீர் போகும் வழியை அடைத்துவிடும். பிளாஸ்டிக் கவர் போட்டு மூடுவது மூடுபனி ஊரில் நல்ல யோசனை இல்லை. உள்ளே ஈரம் சிக்கி வேர்க்கும்.

கல் தெறித்த இடத்தில் இரும்பு தெரிந்தால் அந்த வாரமே உப்புத்தாள், துடைப்பு, பிரைமர், டச்-அப் பெயின்ட். இதற்கு மெக்கானிக் வேண்டாம், ஒரு மணி நேரம் போதும். பழைய என்ஜின் ஆயிலை அடியில் அடிக்கச் சொல்லும் ஆலோசனை இன்னும் சுற்றுகிறது. வேண்டாம். ஓடித் தேய்ந்த ஆயிலில் அமிலம் சேர்ந்திருக்கும், ரப்பர் புஷ்களைக் கெடுக்கும், சொட்டுகிற இடத்தில் மண்ணும் பாழ். கழுவி நிறுத்திய மறுநாள் காலை டிஸ்க் பிரேக்கில் காவிப் படலம் தெரிந்தால் மட்டும் பயப்பட வேண்டியதில்லை. அது வார்ப்பிரும்பு, பெயின்ட் இல்லாதது. நாலு தடவை பிரேக் பிடித்தால் போய்விடும்.

கடற்கரை ஊரிலிருந்து வந்த பழைய காரை வாங்குவதாக இருந்தால் பளபளப்பைப் பார்க்காமல் லிஃப்ட்டில் ஏற்றச் சொல்லுங்கள். ஸ்க்ரூடிரைவர் பிடியால் அடியில் தட்டினால் நல்ல தகடு ‘டங்’ என்னும், போன தகடு ‘டொப்’ என்னும். தரைவிரிப்பின் ஓரத்தைத் தூக்கி முகர்ந்தும் பாருங்கள்.

எனக்கு இப்போது வேறு வண்டி. பொட்டாஷ் ஏற்றுவதற்கு முன் தார்ப்பாய் விரித்து, நான்கு ஓரத்தையும் மேலே மடித்துக் கட்டிவிடுகிறேன். தோட்டத்தில் இறக்கியதும் தார்ப்பாயோடு தூக்கி உதறினால் கொட்டினது செடிக்கே போய்விடுகிறது.

அக்கா மகனிடம் எல்லாம் சொல்லி முடித்த பிறகு, “ஒரு நல்ல விஷயம் மாமா, இந்த வீட்டுல ஹீட்டர் வெச்ச கராஜ் இருக்கு. ராத்திரி கார் கதகதன்னு உள்ள நிக்கும், துரு பிடிக்காது” என்றான். நான் சிரித்துவிட்டேன். வெளியே நின்றால் உப்புப் பனி உறைந்துபோய்ச் சும்மா கிடக்கும். உள்ளே கொண்டுவந்தால் உருகி, ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் இறங்கி, அந்தக் கதகதப்பில் ராத்திரி முழுக்க வேலை செய்யும். கழுவாத காருக்கு அதைவிட மோசமான இடம் இல்லை என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், “சரிங்க மாமா, அப்ப கராஜ்ல சைக்கிளை நிறுத்திக்கறேன்” என்றான்.